பதினான்காம் எண் பாட்டில்

வாலரூ,
தெற்கு ஆஸ்திரேலியா.
27 ஜனவரி 2019, ஞாயிறு

அன்புள்ள கோரலீக்கு,

ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். இரண்டே வரிகள். கொட்டகைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கும் என்றும், உள்ளே இருப்பதையெல்லாம் எறிந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். நலமா என்ற விசாரணை இல்லை. இருந்திருந்தால் நானும் நலமே என்று பொய் எழுத நேர்ந்திருக்கும். ஆகவே உன் சிக்கனத்துக்கு நன்றி.

உன் வீடு மார்ச் ஒன்றாம் தேதி கைமாறுகிறது என்று தரகர் சொன்னார். வாங்குகிறவர்கள் அடிலெய்டுக்காரர்கள். கொட்டகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் நீச்சல் குளம் வெட்டப் போகிறார்களாம். தெருமுனையில் கடல் இருப்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

நீ சொன்னபடியே எறிந்தேன். துருப்பிடித்த நண்டு வாரிகள் மூன்று. கடல் தண்ணீரில் நண்டு அவித்து அவித்து அடி ஓட்டையான மண்ணெண்ணெய் டின். எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்திய படகு மெத்தை. மெர்வினின் ரப்பர் செருப்பில் இடது கால் மட்டும். வலது கால் செருப்பு 1997இல் கடலோடு போனது. அதற்காக நீ அவரை மூன்று நாள் திட்டினாய். ஒற்றைச் செருப்பைப் பதினாறு ஆண்டுகள் பத்திரப்படுத்திய மனிதர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குப் புரியவில்லை. அலை அதைத் திருப்பித் தரும் என்று நம்பியிருப்பார்.

எறியாதவையும் உண்டு. வெள்ளை நிற நொதிக்கும் வாளி. பாட்டிலுக்கு மூடி அழுத்தும் கருவி. நிறமில்லாத கண்ணாடி பாட்டில்கள் முப்பது. மெக்ஸிகோ பீர் காய்ச்சும் பாகு டப்பா ஒன்று. டப்பாவை மட்டும் திறந்து பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய மால்ட் பாகு, சாலைக்கு ஊற்றும் தார் போல் கறுத்திருந்தது. காலாவதியாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. உன் கணவர் மெர்வின் கடைசியாக வாங்கிய டப்பா என்பது தெரிந்தேதான் அதைக் குப்பையில் போட்டேன். நினைவுச் சின்னத்தைக் குடிக்க முடியாது.

பிறகு பேருந்து ஏறிக் கடீனாவுக்குப் போய்ப் புதிய டப்பா ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர் தாடி வைத்த நடுவயதுக்காரர். "பேரனுக்குப் பரிசாம்மா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். உடனே குரலை உயர்த்தி, காது கேளாதவளிடம் பேசுவது போல, "ரொம்ப சுலபம்ங்க! பாக வெந்நீர்ல கரைங்க, சர்க்கரையப் போடுங்க, தண்ணி ஊத்துங்க, மேல ஈஸ்ட்ட தூவுங்க. அம்புட்டுதான்! ஆனா பாட்டில்ல அடைச்சப்புறம் வெயில் மட்டும் படவே கூடாது. பழுப்பு பாட்டில்ல ஊத்தி இருட்டுல வெச்சிருங்க" என்றார். முப்பத்தாறு ஆண்டுகள் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பித்தவள் நான் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், என்னிடம் படித்துத் தேறாமல் போன உறவினர் யாராவது அவருக்கு இருந்திருப்பார்.

இன்று காலை காய்ச்சினேன். வாளியைக் கழுவிக் கிருமி நீக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நீ எப்போதும் அதை ஐந்து நிமிடத்தில் முடிப்பாய். உன் பீர் ஒருபோதும் புளித்ததில்லை என்பது அறிவியலுக்கு நேர்ந்த அவமானம். சென்ற வியாழனன்று இங்கே நாற்பத்தைந்து டிகிரி வெயில். இன்று முப்பத்தைந்து. நீங்கள் செய்தது போலவே வாளிக்கு ஈரத்துண்டைச் சுற்றி எதிரே மின்விசிறியை வைத்திருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு முதல் குமிழி வந்தது. அந்த "பளக்" ஒலி என் சலவை அறையில் கேட்டது. உன் வீட்டில் கேட்கும்போது இனிமையாக இருந்தது. என் வீட்டில் குழாய் ஒழுகுவது போல் இருக்கிறது.

ஏன் இந்த வேலை என்று நீ கேட்பாய். உன் கொட்டகையில் நான் பார்த்த இன்னொன்றைச் சொல்கிறேன்.

மூடி அழுத்தும் கருவிக்கு மேலே, மரச் சுவரில், 2013ஆம் ஆண்டு மாவட்டக் கண்காட்சியின் பீர்ப் போட்டி மதிப்பெண் அட்டை இருந்தது. எண் பதினான்கு. என் கையெழுத்து. "வெளிச்சத்தால் கெட்டது. இதைச் செய்தவர் வெயிலுக்கும் பீருக்கும் உள்ள பகையை இன்னும் அறியாதவர். பரிசுக்குத் தகுதியற்றது." நான்கு மூலைகளிலும் நான்கு ஆணிகள். ஓர் அட்டையைத் தாங்க ஓர் ஆணி போதும், கோரலீ.

அதை நான் எறியவில்லை.

இப்படிக்கு,
அண்டை வீட்டு
ஹெஸ்டர் ட்ரெஜென்சா


வாலரூ,
5 பிப்ரவரி 2019, செவ்வாய்

அன்புள்ள கோரலீக்கு,

உன் மகள் நரெல் நேற்று தொலைபேசியில் அழைத்தாள். "ஹெட்டி ஆன்ட்டி, அம்மா கேக்கச் சொன்னாங்க. எறியச் சொன்னா எதுக்குக் காய்ச்சுறீங்களாம்? வயசான காலத்துல கை சும்மா இருக்காதான்னு கேட்டாங்க" என்றாள். பின்னாலிருந்து, "நான் ஒண்ணும் அப்படிச் சொல்லல. கிழவிக்குக் கொழுப்பு அடங்கலையான்னுதான் கேட்டேன், சரியாச் சொல்லு!" என்று உன் குரல் கேட்டது. டாஸ்மேனியாவின் குளிர் உன் தொண்டையை ஒன்றும் செய்யவில்லை என்று அறிந்து நிம்மதி அடைந்தேன்.

கையெழுத்துகளையெல்லாம் வழக்கறிஞர் மூலமாகவே முடித்துக்கொள்வதாகவும், வீட்டை ஒப்படைக்க நீ வரப்போவதில்லை என்றும் நரெல் சொன்னாள். காரணம் கேட்டேன். "அங்க போய் என்ன பாக்கறதுங்கறாங்க" என்றாள். நியாயமான கேள்வி. காலி வீடு, இடியப் போகும் கொட்டகை, பக்கத்து வீட்டில் நான். இந்தப் பட்டியலைக் கண்டு விமானம் ஏற யாருக்கும் தோன்றாது.

இன்று பாட்டிலில் அடைத்தேன். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் இரண்டு நாளாக ஒரே அளவில் நின்றதால் நொதித்தல் முடிந்துவிட்டது என்று தீர்மானித்தேன். நீங்கள் இருவரும் ஹைட்ரோமீட்டரை நம்பியதே இல்லை. மெர்வின் வாளியின் மேல் காதை வைத்து, "தூங்கிட்டான். அடைச்சுரலாம்" என்பார். 1989இல் தூங்காமலே அடைத்து, கிறிஸ்துமஸ் அன்று பதினோரு பாட்டில்கள் வெடித்தன. உன் அத்தை துப்பாக்கிச் சூடு என்று நினைத்து மேசைக்கு அடியில் புகுந்தார். வெளியே வர மறுத்து அங்கேயே இறைச்சி கேட்டார்.

முப்பது பழுப்பு பாட்டில்களை அலமாரி இருட்டில் வைத்திருக்கிறேன். உன் நிறமில்லாத பாட்டில்கள் முப்பதையும் ஒரே வாளியிலிருந்துதான் நிரப்பினேன். அவற்றை உன் சலவை அறை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். மேற்கு வெயில் படும் அதே ஜன்னல்தான். அந்த வீட்டுக்குள் நான் நுழைந்தது அத்துமீறல் என்றால், மார்ச் ஒன்றுக்குள் வழக்குப் போட்டுக்கொள்.

1984ஆம் ஆண்டுக் கோடை உனக்கு நினைவிருக்கும். மெக்ஸிகோ பீர் இந்த நாட்டுக்கு வந்த புதிது. நம் மூவரில் ஒருவரும் மெக்ஸிகோவைப் பார்த்ததில்லை. வரைபடத்தில் காட்டச் சொன்னால் மெர்வின் பெருவைக் காட்டுவார். முதல் வாளியை நிறமில்லாத பாட்டில்களில் அடைத்து ஜன்னலில் நிறுத்தி, இரண்டு வாரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார். "இங்க வா டீச்சரம்மா, வெளக்கு ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு பாரு! இதப் போய் எவனாவது இருட்டுல வெப்பானா?" என்றார். வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூச்சத்து சிதைந்து கந்தக நாற்றம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அவற்றில் ஒன்றைத் திறந்து, எலுமிச்சைத் துண்டைச் செருகி, என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நீயும் நின்றாய்.

நாறியது. ஆனால் கடையில் விற்ற அசல் மெக்ஸிகோ பீரும் அதே நிறமில்லாத பாட்டிலில், கடை ஜன்னல் வெயிலில் காய்ந்து, அதே நாற்றத்தோடுதான் நம்மிடம் வந்துகொண்டிருந்தது. ஆகவே நீங்கள் அதைக் குறை என்று எண்ணவில்லை. பக்குவம் என்று எண்ணினீர்கள். "அசல் ருசி வந்துருச்சுடி!" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே நீ மெர்வினின் முதுகில் அறைந்தாய். எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டீர்கள். பிரமாதம் என்று சொன்னேன்.

அந்தப் பொய்யை இருபத்தொன்பது கோடைகள் சொன்னேன். சனிக்கிழமை மாலை, நண்டு, செய்தித்தாள் விரித்த மேசை, உன் சலவை அறை ஜன்னலில் முப்பது பாட்டில்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் மெர்வின் பழுப்பு பாட்டிலுக்கு மாறியிருப்பார். பீர் நன்றாக இருந்திருக்கும். வேறு எதுவும் கெட்டிருக்காது என்று இப்போது தெரிகிறது. அப்போது அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. திருமணம் என்ற வேலையை நான் மேற்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் எனக்குப் போக்கிடம் உன் வீடு ஒன்றுதான்.

இனி 2013. மெர்வின் ஜூலையில் போனார். மே மாதம் அவர் கடைசியாக அடைத்த பாட்டில்களில் ஒன்றை நீ அக்டோபர் கண்காட்சிக்கு அனுப்பினாய். என்னிடம் சொல்லாமல் அனுப்பினாய். நடுவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அட்டையைப் படித்துவிட்டு, மாலையில் வேலிக்கு வந்து நின்று, "அவரு கை நடுங்க நடுங்க அடைச்ச பாட்டிலுடி அது" என்றாய். எனக்கு எண் மட்டும்தான் தெரியும், யாருடையது என்று தெரியாது என்றேன். அதற்குப் பிறகு நீ வேலிக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு மகளிடம் போய்விட்டாய்.

எனக்குத் தெரியும், கோரலீ.

மூடி அழுத்தும் அந்தக் கருவியை மெர்வின் 1991இல் படகுத்துறையில் கீழே போட்டார். அன்றுமுதல் அது அழுத்தும் ஒவ்வொரு மூடியிலும் இடது பக்கம் ஒரு சின்னச் சொட்டை விழும். பல்லால் கடித்தது போல் இருக்கும். இன்று நான் அழுத்திய அறுபதிலும் விழுந்தது. அன்று நடுவர் மேசையில் அதை முதலில் பார்த்தவர் மருந்துக்கடை கில்பர்ட் பாஸ்கோ. அவர் என் காதருகே குனிந்து, "ஹெட்டி, இது நம்ம மெர்வின் மூடில்ல? போன மனுஷன் பேருக்கு மூணாம் பரிசாச்சும் குடுத்துருவோம். யாரு கேக்கப் போறா?" என்றார். நீங்கள் இரக்கப்படுங்கள், நான் பீரை மதிப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த அட்டையை எழுதினேன். கில்பர்ட் சென்ற ஆண்டு போய்விட்டார். நான் சொல்லாவிட்டால் இதைச் சொல்ல இனி ஆள் இல்லை.

மெர்வினுக்குப் பிச்சைப் பரிசு வேண்டாம் என்பது என் எண்ணம். அது நல்ல எண்ணம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் இருபத்தொன்பது ஆண்டுகள் அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாத ஒன்றை, அவர் இல்லாதபோது, ஊரார் படிக்கும்படி அட்டையில் எழுதினேன். அதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். நீ வேலியருகே அதைச் சொல்லவும் செய்தாய். நாகரிகம் கருதி இங்கே எழுதவில்லை.

இப்படிக்கு,
ஹெஸ்டர்


வாலரூ,
21 பிப்ரவரி 2019, வியாழன்
(விரைவு அஞ்சல்)

அன்புள்ள கோரலீக்கு,

பத்து நாளைக்கு முன் என் தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதாடி? அந்த மூடியப் பாத்தா குருடனுக்கும் தெரியும். இதச் சொல்றதுக்கா மூணு பக்கம் எழுதின?" என்று ஒரு குரல் கேட்டது. நான் மூச்சு விடுவதற்குள், "எனக்குத் தெரிய வேண்டியது வேற. அந்த மனுஷன் முப்பது வருஷமா ஊத்திக் குடுத்தாரே, அது உனக்கு நல்லா இருந்துச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றாய். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாய். வைத்தது நல்லது. எனக்கு அப்போது பதில் தெரியாது. பாட்டில்களில் வாயு ஏற இன்னும் பத்து நாள் இருந்தது. பழைய ஞாபகத்தை நம்பி மதிப்பெண் போடுவது என் வழக்கமில்லை.

இன்று மாலை முறைப்படி சோதித்தேன். பழுப்பில் ஒன்று, நிறமில்லாததில் ஒன்று. ஒரே வாளி, ஒரே சர்க்கரை, ஒரே குளிர். வேறுபாடு வெயில் மட்டும்தான்.

பழுப்பு பாட்டில்: தெளிவு, நுரை, நிறம் எல்லாம் சரி. நாவில் கனமில்லை, விழுங்கிய பின் சுத்தமான சுவை. கண்காட்சியில் வைத்தால் ஐம்பதுக்கு நாற்பத்தொன்று தருவேன். நான் குடித்த பீர்களிலேயே குறையில்லாதவற்றுள் ஒன்று. பாதி குடித்தேன். மீதியைக் குடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. தொட்டியில் ஊற்றினேன்.

ஜன்னல் பாட்டில்: நாற்றம். நடுவர் கையேட்டில் இதை ஸ்கங்க் என்ற அமெரிக்கப் பிராணியின் வாடை என்று எழுதியிருக்கிறார்கள். இந்தக் கண்டத்தில் அந்தப் பிராணி கிடையாது. நாங்கள் யாரும் அதை முகர்ந்ததில்லை. நம்பிக்கையின் பேரில் எழுதிக்கொண்டிருக்கிறோம். என் மரத்து எலுமிச்சையில் ஒரு துண்டைச் செருகினேன். உன் சலவை அறைப் படியில் உட்கார்ந்துதான் குடித்தேன். வீட்டுக்குள் நாற்காலி ஏதும் இல்லை. ஐம்பதுக்குப் பத்தொன்பது. அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூடத் தர முடியாது. அட்டையில் அன்று எழுதிய முதல் வரியை நான் திருத்தப் போவதில்லை.

அந்தப் பாட்டிலை முழுவதும் குடித்தேன். இரண்டாவதையும் திறந்தேன். அதையும் முடித்தேன். எழுபத்தொன்பது வயதில் இது எனக்கு விதிக்கப்பட்ட அளவுக்கு இரு மடங்கு, மருத்துவரிடம் சொல்லாதே. வெயில் ஜன்னலின் கீழ்க்கட்டத்துக்கு இறங்கியபோது மிச்சமிருந்த இருபத்தெட்டு பாட்டில்களும் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. மெர்வின் சொன்னது சரிதான். அதை இருட்டில் வைக்க முடியாது.

நன்றாக இருந்தது, கோரலீ. முதல் கோடையிலிருந்தே நன்றாக இருந்தது. நான் சொன்னது பொய் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தது மட்டுமே பிழை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன்.

இனி நடைமுறை விஷயங்கள். வீடு கைமாற இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஜன்னல் நம்முடையதல்ல. உங்கள் லான்செஸ்டனிலிருந்து காலை விமானத்தில் ஏறினால் மதியம் அடிலெய்டு. அங்கிருந்து மாலைப் பேருந்து. பேருந்து நேரத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். என் பின்னறைக் கட்டிலில் புதிய விரிப்புப் போட்டாயிற்று. நண்டு இந்த மாதம் கொழுத்திருக்கிறது. வாரிகளை நான் எறிந்துவிட்டதால் கடையில்தான் வாங்க வேண்டும். அதற்காக நீ திட்டலாம். குறைந்தது மூன்று நாள் திட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உன் கொட்டகைச் சுவரிலிருந்து நான்கு ஆணிகளையும் பிடுங்கிவிட்டேன். ஆழமாக அடித்திருக்கிறாய், ஒரு நகம் போயிற்று. அட்டையை இத்துடன் அனுப்புகிறேன். முன்பக்கம் உனக்கு மனப்பாடமாக இருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

ஜன்னல் விளிம்பில் இடது கோடியில் உள்ள பாட்டிலுக்குப் பதினான்கு என்று எண் ஒட்டி வைத்திருக்கிறேன். இது மெர்வின் செய்ததல்ல, நான் செய்தது. நடுவர் வந்து, சுவைத்து, அட்டையின் பின்பக்கத்தில் தோன்றியதை எழுதட்டும். தகுதியற்றது என்றே எழுதினாலும் சரி. தபாலில் அனுப்பும் மதிப்பெண்ணை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பீரைக் குடிக்காமல் தீர்ப்பு எழுதுவது விதிக்குப் புறம்பு.

பேனா கொண்டு வா. என்னுடையதில் மை தீர்ந்துகொண்டிருக்கிறது.

உன்,
ஹெட்டி